மூன்றாம் ஓலைக்கு முன்

பாப்பா,

இருபத்தெட்டு வயதாகி, அடுத்த மாதம் மணமேடை ஏறப்போகிறவளை இன்னும் இப்படிக் கூப்பிடுகிறேனே என்று நீ முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள். இந்தக் கடிதத்தில் நான் பேச வேண்டியது இன்றைய உன்னிடம் மட்டும் இல்லை, பன்னிரண்டு வயதில் ஊதா நிறக் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் குதித்துக்கொண்டிருந்த உன்னிடமும்தான். மலாக்காவில் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்பினேன்? அது பொய். கேமரன் மலையில், நாம் மூன்று பேரும் தங்கிய அதே வீட்டில், அதே பின்கட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வேலையிடத்தில் விபத்து அறிக்கை எழுதும்போது நடந்த இடத்துக்கே போய் நின்றுதான் எழுத வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கும் அப்படித்தான் எழுத வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் வாசிக்கும் ஓலையில், உங்கள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் டெனிஸ் பெயரும், உன் அம்மா பெயரும் என் பெயரும் ஒலிபெருக்கியில் வந்தன. "மறைந்த செலின்" என்று சாமியார் வாசித்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு வழக்கமான அந்த வரி வந்தது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எத்தனையோ கல்யாணங்களுக்கு அந்த வரியைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னைப் பார்த்துத்தான் வாசிக்கிறாரோ என்று இருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து, சிராங்கூன் ரோட்டுக் கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோமே, அங்கே நடந்தது உனக்குத் தெரியும். அதை நான் கேட்டேன் என்பது உனக்குத் தெரியாது.

நான் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். டெனிஸ் கைப்பேசியை உன் பக்கம் திருப்பி, கல்யாணத்துக்குப் பிறகு போகப்போகும் இடம் என்று இந்த மலையின் படங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். "மேல போய்ப் பார்த்தா மேகம் கீழ இருக்குமாம். அஞ்சு நாள் லீவ் சொல்லிட்டேன்." பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நீ நிமிரவே இல்லை. "மலை வேண்டாம் டெனிஸ். வேற எங்க வேணா போலாம்லா." "ஏன், ஹைட்னா பயமா?" என்று அவன் சிரித்தான். அப்போது நீ, எந்த ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாய்: "எங்கம்மாவ அந்த மலையில ஏத்துனது நான்தான். முடியலன்னு உட்கார்ந்தாங்க. நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். அதான் செத்துட்டாங்க." ஈரக் கையோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பிறகு மேசைக்கு வந்து, "போலாமா? வெயில் ஏறுது" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

நீ சொன்னது உண்மை இல்லை. அது உண்மை இல்லை என்று பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். மூன்றாம் ஓலை வாசிப்பதற்குள் உனக்கும் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்தபின் நீ என்னைக் கோயிலில் கைபிடித்து அழைத்துப்போக விடுவாயா மாட்டாயா என்பது உன் முடிவு. விடவில்லை என்றால் அதில் நியாயம் உண்டு.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பல் பட்டறையில் தினமும் காலை, வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேசுவோம். டூல்பாக்ஸ் மீட்டிங். அன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒவ்வொருவனிடமும் "ஃபிட்டா?" என்று கேட்க வேண்டும். அவன் "ஃபிட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் சாரத்தில் ஏறலாம். இருபத்துநான்கு வயதில் நான் வெல்டராக வந்தபோது அந்த வரிசையில் நின்றவன். காய்ச்சலோடு ஃபிட் என்றிருக்கிறேன். என் அப்பா இறந்த செய்தி வந்த காலையிலும் ஃபிட் என்றிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். முடியவில்லை என்றால் முதலாளி என்ன நினைப்பான், ஊருக்கு அனுப்பிவிடுவானோ என்ற பயம். அதனால் பாதுகாப்பு மேற்பார்வையாளராக ஆனபிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்று. வாய் சொல்வதைக் கேட்காதே, முகத்தைப் பார். கண்ணுக்குக் கீழே பார், உதட்டைப் பார், மூச்சு எங்கிருந்து வருகிறது என்று பார். ஒருமுறை தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் கணீரென்று ஃபிட் என்றான். வரிசையிலிருந்து வெளியே இழுத்து கிளினிக்குக்கு அனுப்பினேன். டெங்கி. அவன் அம்மா ஊரிலிருந்து போன் போட்டு என்னோடு அழுதார்கள். அந்தக் கதையை நீ பள்ளிக்கூடத்தில் சொல்லி ஆசிரியையிடம் கைதட்டு வாங்கினாய்.

நம் மார்சிலிங் வீட்டில் அது விளையாட்டாகிப்போனது. காலையில் லிப்டுக்கு முன்னால் உன்னையும் அம்மாவையும் நிற்கவைத்து "ஃபிட்டா?" என்பேன். நீ புத்தகப்பையோடு விறைப்பாக நின்று "ஃபிட்!" என்று கத்துவாய். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து சிரிப்பார். அம்மா மட்டும், "ஃபிட்லா, போங்க, பஸ் போயிடும்" என்பாள். அவள் சமையற்கட்டில் வேர்த்துக்கொண்டு நிற்பதையோ, கடைசி ஆறு மாதமாக மார்க்கெட்டிலிருந்து வரும்போது பாதிவழியில் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதையோ நான் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். நாற்பது வயது, எடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே டாக்டர்போல எம்.சி. எழுதிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நீ ஆறாம் வகுப்பு பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதி முடித்திருந்தாய். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் லீவு எல்லாம் ஊருக்குத்தான் போகும். யாருக்காவது ஞானஸ்நானம், யாருக்காவது கல்யாணம், யாராவது போய்ச்சேர்ந்திருப்பார்கள். உன் அம்மா அந்த முறைதான் முதன்முதலாக வாய்திறந்து கேட்டாள். "நம்மள யாருக்கும் தெரியாத ஒரு இடத்துக்குப் போலாம்ங்க. யாரு வீட்டுக்கும் பலகாரம் வாங்கிட்டுப் போக வேண்டாத இடம்." நீ நூலகத்துப் புத்தகத்தில் இந்த மலையின் படத்தைப் பார்த்துவிட்டு, மேகத்தை மேலேயிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்று பிடித்தபிடியில் நின்றாய். அப்போதெல்லாம் நீ எவ்வளவு அடம் பிடிப்பாய் தெரியுமா? பேனா வேண்டுமென்றால் அந்தப் பேனாதான் வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். அப்படித்தான் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி, கோச் பஸ்ஸில் பத்து மணி நேரம், வளைவு வளைவாக ஏறி, நீ இரண்டுமுறை வாந்தி எடுத்து, இங்கே வந்து சேர்ந்தோம்.

இந்த வீட்டுக்கார அம்மாவை உனக்கு நினைவிருக்கும். லெட்சுமி அக்கா. பின்னால் முட்டைக்கோசும் செவ்வந்தியும் போட்டிருந்தார்களே, அவர்கள்தான். வந்த இரண்டு நாளும் உன் அம்மா அவர்களோடு தோட்டத்திலேயே கிடந்தாள். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் மலைமேல் நடக்கப்போவதாகத் திட்டம். பாசி மூடிய காட்டுக்குள் மரப்பலகைப் படி, மேலே போனால் ஒரு பார்வைக் கோபுரம். காலை ஏழு மணி இருக்கும். நீ முன்னறையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். இங்கே, நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசைக்குப் பக்கத்தில், உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. "என்னங்க, நெஞ்ச யாரோ அமுக்குற மாதிரி இருக்கு. நேத்து ராத்திரியில இருந்தே. நீங்களும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. நான் அக்காவோட இருந்துக்கிறேன்."

நான் சொன்னதையும் எழுதுகிறேன். "குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் செலின். கேஸா இருக்கும். ஒரு வருஷமா பிளான் பண்ணி வந்துட்டு இப்பப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நீ வரலன்னா அவளும் வரமாட்டா, நாள் முழுக்க அழுதுகிட்டு இருப்பா. அவகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்காத." அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். வாக்குவாதம் செய்யவில்லை. செய்திருந்தால் நான் விட்டிருப்பேனோ என்று பல வருடம் அவள்மேல் பழியைப் போடக்கூடப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறேன்.

அடிவாரத்தில், படி தொடங்கும் இடத்தில், நான் செய்த கூத்து உனக்கும் நினைவிருக்கும். இரண்டுபேரையும் வரிசையாக நிற்கவைத்தேன். டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்தினேன். பலகை வழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பட்டறைக் குரலில் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். "ஃபிட்டா?" என்றேன். நீ ஃபிட் என்று கத்தினாய். உன் அம்மா என் கண்ணை நேராகப் பார்த்து, மெதுவாக, "ஃபிட்" என்றாள். முன்னூறு பேரின் முகம் பார்த்து வேலைக்கு அனுப்புகிறவன் அன்று தன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தான் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதையும் நேற்று விட்டுவிட்டேன். பார்த்தேன், பாப்பா. உதடு வெளுத்திருந்தது. மேலுதட்டில் அந்தக் குளிரிலும் வேர்வை. அந்த முகத்தோடு வேறு யாராவது என் வரிசையில் நின்றிருந்தால் ஒரு படி ஏறவிட்டிருக்க மாட்டேன். விடுமுறை கெட்டுப்போகக் கூடாது என்று என் பெண்டாட்டியை ஏறவிட்டேன்.

அதன்பிறகு நடந்தது நீ அறிந்ததுதான். பாதிவழியில் அவள் ஒரு படியில் உட்கார்ந்தாள். நீ அவள் கையைப் பிடித்து, "வாங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான், பிளீஸ்மா" என்று இழுத்தாய். உன் மனதில் அந்தக் காட்சி மட்டும்தான் நிற்கிறது. எனக்கு நிற்பது வேறு. நீ இழுத்தபோது உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். போதும், இறங்கலாம் என்று நான் சொல்வேனா என்று பார்த்தாள். நான் மேலே நாலு படி தள்ளி நின்றுகொண்டு, "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றேன். உனக்கு என்ன தெரியும்? உனக்கு யார் என்ன சொன்னார்கள்? சொல்லக்கூடாது என்று வாயை அடைத்தவன் நான். ஒன்றும் தெரியாத பிள்ளை அம்மாவின் கையை இழுத்தது. எல்லாம் தெரிந்தவன் நின்று வேடிக்கை பார்த்தான்.

உச்சியில் மேகம் கீழே இருந்தது. நீ கேட்டது கிடைத்தது. உன் தொப்பியை அம்மாவுக்கு மாட்டிவிட்டாய், நான் படம் எடுத்தேன். நம் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சிரிப்பும் உண்மைதான், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். இறங்கும்போது பாதியில் சரிந்தாள். யாரோ இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், இதற்குமுன் வலி இருந்ததா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இல்லை டாக்டர்" என்றேன். இரண்டு நிமிடம் கழித்து, செய்தி கேட்டு ஓடிவந்திருந்த லெட்சுமி அக்காவிடம் உன்னை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடி, நேற்றிலிருந்தே வலி இருந்தது என்று சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி நடையில் பச்சை நாற்காலியில் நீ உட்கார்ந்து, "நான்தான்ப்பா இழுத்தேன். நான்தான்" என்று திரும்பத்திரும்பச் சொன்னாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். "அழாத" என்றேன். "அழாத பாப்பா, அழாத." அவ்வளவுதான் சொன்னேன். நீ எதிர்பார்த்தது வேறு ஒரு வார்த்தை. அது என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்து நீ, "அப்ப யாருப்பா?" என்று கேட்பாயே என்று விழுங்கிவிட்டேன்.

ஏன் பிறகாவது சொல்லவில்லை? முதலில், உன் அழுகை ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்தபிறகு, மறந்திருப்பாய், கிளற வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு நீ ஓ லெவல், பிறகு பாலிடெக்னிக், பிறகு வேலை. சாக்குக்கா பஞ்சம். அவள் போன அடுத்த மாதமே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாயிற்று. "கடவுள் உங்களை மன்னிப்பார். ஆனா இதைச் சுமக்கிறது உங்க பொண்ணு. வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லுங்க" என்றார். ஜெபமாலை சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மற்றதை விட்டுவிட்டேன். அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. பட்டறையில் ஒவ்வொரு தடவை புதுப் பையன்கள் வரும்போதும், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார்" என்று இந்தக் கதையைச் சொல்வேன். அவர் பெண்டாட்டி ஃபிட் என்றாள், அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டார் என்று. ஆட்கள் கண்கலங்குவார்கள். அதற்குப்பிறகு சில பேர் கை தூக்கி, முடியவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டறையில் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை, உன் ஒருத்திக்குத்தான் தெரியாது.

அதற்கு விலை கொடுத்தது நீ. அன்றிலிருந்து நீ என்னிடம் எதையும் அடம்பிடித்துக் கேட்டதில்லை. அந்தப் பேனாதான் வேண்டும் என்ற பிள்ளை, "எதுனாலும் ஓகேப்பா" என்று சொல்லத் தொடங்கியது. பள்ளியில் புக்கிட் தீமா குன்றுக்குக் கூட்டிப்போன நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தாய். எனக்குப் புரிந்தது, கஞ்சி வைத்துக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் எல்லாரும், தாயில்லாப் பிள்ளை எவ்வளவு பொறுப்பு, ஒரு தொந்தரவு கிடையாது என்று என்னைப் பாராட்டுவார்கள். நான் அதை வாங்கிக்கொள்வேன். இப்போது கல்யாணப்புடவை எடுக்கப் போனபோதும், கடைக்காரர் நாற்பது புடவை விரித்தும், நீ டெனிஸ் அம்மாவைப் பார்த்து "உங்களுக்குப் பிடிச்சதே எடுங்க அத்தை" என்றாய். அவர்கள் உருகிப்போனார்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்று நம்புகிற பெண்ணைத்தான் நான் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறேன். டெனிஸ் நல்ல பையன். நல்ல பையனும் நானும் ஒரே தவற்றைத்தான் செய்வோம். எதுவும் வேண்டாம் என்று நீ சொன்னால், சரி, எதுவும் வேண்டாம் போலிருக்கிறது என்று இருந்துவிடுவான். உன் அம்மா எனக்கு ஃபிட் சொன்னதுபோல் நீ அவனுக்குக் காலமெல்லாம் ஓகே சொல்லிக்கொண்டு இருப்பாய்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்தேன். லெட்சுமி அக்காவுக்கு முடியெல்லாம் வெளுத்துவிட்டது. மருமகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்கள். டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். "பொண்ணு எப்படி இருக்கு?" "நல்லா இருக்கா அக்கா. அடுத்த மாசம் கல்யாணம்." அவர்களுக்கு மகிழ்ச்சி. கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு முழுக்க என் மடியிலதான் படுத்துக் கெடந்துச்சு. நாந்தான் நாந்தான்னு. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல. அப்பா வந்து இல்லன்னு சொல்லட்டும்னு சொன்னுச்சு" என்றவர்கள், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். "சொன்னீங்கல்ல?"

நான் டீயைக் குடித்தேன்.

நேற்றுக் காலை மலைமேல் நடந்தேன். படிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள், கைப்பிடியும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கோபுரத்தில் ஏற விடுவதில்லை, பழுதாம். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் வருகிறவர்களைப் பார்த்தார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவள் உட்கார்ந்த இடம் எது என்று தேடினேன். படிகள் மாறிவிட்டன, ஆனால் பாசி தொங்கும் வளைந்த மரம் ஒன்று இருந்ததே, அது அப்படியே இருக்கிறது. அங்கே உட்கார்ந்தேன். பாப்பா, அந்த இடத்திலிருந்து உச்சி உண்மையிலேயே கொஞ்சம்தான். நீ அம்மாவிடம் சொன்னது சரி. இன்னும் கொஞ்சம்தான் என்று நீ பொய் சொல்லவில்லை. அதை எண்ணி அழுதேன். ஐம்பத்தொன்பது வயதில், பாதுகாப்பு ஷூ போட்டுக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க அழுதேன். ஒரு சீனப் பெண்மணி நின்று, "அங்கிள், ஓகே?" என்று கேட்டார். வாய்வரை வந்துவிட்டது, ஃபிட் என்று சொல்ல. "ஓகே இல்லை" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார். பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு உச்சிவரை போனேன். மேகம் இல்லை. மழை கழுவிய பச்சை, தேயிலைச் சரிவு, தூரத்தில் ஒரு லாரி. அழகான இடம், பாப்பா. அதைச் சொல்லிவிட வேண்டும். நீ ஆசைப்பட்டது தப்பான ஒன்று இல்லை. உன் அம்மாவும் இங்கே நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தாள், உன் தொப்பி அவளுக்குச் சின்னதாக இருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டெனிஸோடு இங்கே வா என்று சொல்லமாட்டேன். வரவேண்டாம் என்று தோன்றினால் வராதே. ஆனால் வரவேண்டாம் என்பதை உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல், என் பொய்க்காகச் சொல்லாதே. அவனிடம் எதையாவது கேள். பெரிதாகக் கேள், அவனால் முடியாததைக் கேள், தரவில்லை என்றால் சண்டை போடு. அவன் முடியவில்லை என்று சொன்னால் நம்பு. அவன் சரி என்று சொன்னால் அவன் முகத்தைப் பார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். அதை வீட்டுக்கு வெளியே மட்டும் வைத்திருந்தேன்.

நாளைக்குக் கோச் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை நீ மார்க்கெட்டிலிருந்து வரும்போது இந்தக் கடிதம் உன் கட்டில்மேல் இருக்கும். நான் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கல்மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பேன். நீ வரும்வரை இருப்பேன். வராவிட்டால் உன் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன், நீ கூப்பிடும்வரை தொந்தரவு செய்யமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற வரி மறுபடி வரும். அப்போது நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும், உன் பக்கத்திலோ கடைசி வரிசையிலோ, தெரிந்ததைச் சொல்லிவிட்டவனாக உட்கார்ந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் மன்னிப்பு எனக்கு வேண்டியது. உனக்கு வேண்டியது வேறு. அந்தப் பச்சை நாற்காலியில் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்த வார்த்தைதான். பதினாறு வருடம் பிந்திச் சொல்கிறேன்.

இல்லை. இல்லை பாப்பா, நீ இல்லை.

உன் அப்பா